செவ்வாய்க்குப் போதலும் திரும்பி வருதலும்

செவ்வாய்க் கிரகத்துக்கு நினைத்த நாளில் புறப்பட முடியாது. பூமி சூரியனை ஒருமுறை சுற்ற 365 நாள்கள் எடுக்கிறது. செவ்வாய்க்கு 687 நாள்கள் வேண்டும். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் ஓடுவதால் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 55 மில்லியன் கிலோமீற்றருக்கும் 400 மில்லியன் கிலோமீற்றருக்கும் நடுவில் மாறிக்கொண்டே இருக்கும். இன்றைய ரொக்கெட்டுகளின் எரிபொருளுக்குக் கட்டுப்படியாகும் பாதை 26 மாதங்களுக்கு ஒருமுறை, சில வாரங்களுக்கு மட்டுமே திறக்கிறது. அதைத் தவறவிட்டால் அடுத்தது இரண்டு ஆண்டுக்கு மேல் கழித்துத்தான். ஆளில்லாத கலத்துக்கு இந்தக் கணக்கை ஒருமுறை போட்டால் போதும். ஆள் போவதென்றால் திரும்பி வருவதற்கும் போட வேண்டும். செவ்வாய்ப் பயணத்தின் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது கணக்கிலிருந்தே கிளைக்கின்றன.

முதற்பாதிப் பயணம் எப்படிப்பட்டது என்பதற்கு இலங்கையின் பக்கத்து நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ, மங்கள்யான் கலத்தை 2013 நவம்பர் 5ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. திட்ட இயக்குநர் திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்த சுப்பையா அருணன். இஸ்ரோவின் சந்திரன், செவ்வாய்த் திட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை. ஏவிய ரொக்கெட்டின் எடை சுமார் 320 தொன். அது தூக்கிச் சென்ற கலம் 1,337 கிலோகிராம். அந்தக் கலத்திலும் 852 கிலோகிராம் எரிபொருள். செவ்வாயை ஆராய்வதற்கென்று இருந்த கருவிகளின் எடை 15 கிலோகிராம் மட்டும். 320 தொன்னில் தொடங்கி 15 கிலோவில் முடியும் இந்தத் தேய்மானத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மனிதப் பயணத்தின் பாரம் எத்தகையது என்பது எளிதில் புரியும்.

ரொக்கெட்டின் வலு கலத்தை நேரே செவ்வாய்ப் பாதையில் எறியப் போதவில்லை. ஆகவே கலம் மூன்றரை வாரங்கள் பூமியையே சுற்றி, தன் இயந்திரத்தை அவ்வப்போது எரித்துச் சுற்றுப்பாதையை உயர்த்திக்கொண்டது. நவம்பர் 11ஆம் திகதி நடந்த நான்காவது முயற்சியில் எரிபொருள் ஓட்டம் நின்று, கலம் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. மறுநாள் இன்னொரு முறை எரித்துக் குறையை ஈடுசெய்தார்கள். பூமிக்கு அருகில் இருந்ததால் அந்த மறுநாள் கிடைத்தது. செவ்வாயை நெருங்கும் வேளையில் அப்படி ஒரு நாள் கிடைக்காது.

டிசம்பர் 1ஆம் திகதி பூமியை விட்டகன்ற கலம் பத்து மாதங்கள் பயணம் செய்தது. அவ்வளவு காலமும் அதன் பிரதான இயந்திரம் சும்மா கிடந்தது. 2014 செப்டெம்பர் 22ஆம் திகதி அதை நான்கு விநாடி எரித்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து 24 நிமிடங்கள் எரிந்து, கலத்தின் வேகத்தைக் குறைத்து, செவ்வாயின் ஈர்ப்பில் அதைப் பிடித்துக்கொடுத்தது. அன்றைக்குச் செய்தி வந்துசேரப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆனது. ஆகவே கட்டளைகள் எல்லாம் முன்கூட்டியே கலத்தின் கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. பெங்களூர்க் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்குக் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. பத்திரிகைகள் அந்த ஆண்டு 450 கோடி ரூபாயில் காரியம் முடிந்ததையே கொண்டாடின. பத்து மாதம் தூங்கிய இயந்திரம் எழுப்பியதும் எழுந்ததே அதைவிடப் பெரிய சாதனை. மனிதர் திரும்பி வருவதற்கான இயந்திரமோ இதைப்போல இரண்டு மூன்று மடங்கு காலம் தூங்கிய பிறகு எழ வேண்டும். எழாவிட்டால் அடுத்த முயற்சி என்று ஒன்றில்லை.

இத்தனை நீண்ட தூக்கம் எதற்கு? கலம் செவ்வாயை அடையும் நாளில் பூமி தன் பாதையில் வெகுதூரம் போயிருக்கும். அப்போதே திரும்பினால், கலம் வந்துசேரும் இடத்தில் பூமி இராது. இரண்டு கிரகங்களும் ஏற்ற நிலைக்கு மறுபடி வரும்வரை செவ்வாயில் சுமார் 500 நாள்கள் காத்திருக்க வேண்டும். போக ஆறு முதல் ஒன்பது மாதம், வர அதே அளவு. ஆக மொத்தம் ஏறத்தாழ 900 நாள்களாவது ஆகும். குறுகிய வழியும் உண்டு. செவ்வாயில் ஒரு மாதம் அளவே தங்கிவிட்டு, சூரியனுக்கு நெருக்கமாக வளைந்து, வெள்ளியின் ஈர்ப்பையும் துணைக்கு எடுத்துக்கொண்டு வரலாம். ஆனால் அதற்கு எரிபொருள் மிக அதிகம். மொத்தப் பயணமும் ஒன்றரை ஆண்டுக்கு மேல்தான். காலத்தை மிச்சப்படுத்தினால் எடை கூடுகிறது, எடையை மிச்சப்படுத்தினால் காலம் கூடுகிறது.

எடை என்பது ரொக்கெட் பொறியியலில் வட்டிக்கு வட்டி போல் ஏறும் கடன். கலத்தில் கூடும் ஒவ்வொரு கிலோவையும் வேகப்படுத்தவும் நிறுத்தவும் எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைச் சுமக்க இன்னும் எரிபொருள் வேண்டும். ஆறு பேரை அனுப்பி மீட்பதற்கென நாசா 2009இல் வெளியிட்ட திட்ட வரைவில், பூமியின் சுற்றுப்பாதையில் சேர்க்க வேண்டிய மொத்த எடை 800 தொன்னைத் தாண்டியது. அதுவும் அணுவெப்ப இயந்திரத்தை நம்பிப் போட்ட கணக்கு. சாதாரண இரசாயன எரிபொருள் என்றால் இன்னும் கூடும். பல நாடுகள் சேர்ந்து பத்தாண்டுக்கு மேல் உழைத்துப் பொருத்திய சர்வதேச விண்வெளி நிலையம் 420 தொன் அளவுதான்.

இந்தக் கடனிலிருந்து தப்ப இலங்கையிலிருந்தே ஒரு கற்பனை பிறந்தது. 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இந்நாட்டில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1979இல் வெளியான 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலில், மலையுச்சியிலிருந்து விண்வெளிக்குக் கம்பி இழுத்து மின்தூக்கி ஓட்டுகிறார். அந்த மலைக்கு மாதிரி, ஹட்டன் வழியாக நல்லதண்ணிக்குப் போய் யாத்திரிகர்கள் ஏறும் சிவனொளிபாதமலை. இத்தகைய மின்தூக்கிக்குப் பூமத்திய கோட்டில் நிலம் வேண்டும் என்பதால் நாவலாசிரியர் தீவையே தெற்கே நகர்த்திக்கொண்டார். செவ்வாயிலும் ஒன்றை அமைப்பது பற்றி அதே நாவலில் பேசப்படுகிறது. அவ்வளவு நீளத்துக்குத் தன் பாரத்தைத் தானே தாங்கும் கம்பியை இன்றுவரை யாராலும் செய்ய முடியவில்லை. எரிபொருளே இன்னும் ஒரே வழி.

செவ்வாயைச் சுற்றி வருவது ஒன்று, அதன் தரையில் இறங்குவது வேறு. அங்கே வளிமண்டலம் இருக்கிறது. ஆனால் பூமியினதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான அமுக்கத்தில். மணிக்கு ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் வேகத்தில் நுழையும் கலத்தைச் சுட்டெரிக்க அந்தக் காற்று போதும், மெதுவாக இறக்கப் போதாது. 2021 பெப்ரவரி 18ஆம் திகதி இறங்கிய பேர்சிவியரன்ஸ் ஊர்தியின் எடை 1,025 கிலோகிராம். அதை இறக்க வெப்பக்கவசம், 21 மீற்றருக்கு மேற்பட்ட விட்டமுள்ள பரசூட், அதன்பிறகு ரொக்கெட்டுகள் பொருத்திய தொங்குபாரந்தூக்கி என்று மூன்று ஏற்பாடுகள் தேவைப்பட்டன. மனிதரை இறக்கும் கலமோ சரக்கு மட்டுமே 20 தொன் அளவில் சுமக்க வேண்டும். அதற்கேற்ற பரசூட்டைச் செய்தால், அது விரிவதற்குள் கலம் தரையில் மோதிவிடும். ஆகவே ஒலியைவிட வேகமாக விழுந்துகொண்டிருக்கும்போதே எதிர்த்திசையில் ரொக்கெட்டை எரித்து வேகத்தைக் குறைப்பதே வழி என்று பொறியியலாளர் கருதுகிறார்கள். பூமியில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபல்கன் 9 ரொக்கெட்டின் அடிப்பாகம் இவ்விதமே இறங்குகிறது. செவ்வாயில் இந்த முறையில் இன்னும் எதுவும் இறங்கவில்லை. இறக்கத்தின்போது நேரும் சிறு பிழைக்கும் அங்கே மன்னிப்பில்லை. ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லி கலத்துக்கு 2016 ஒக்டோபரில் நடந்தது இதுதான்: கருவியொன்றின் தவறான அளவீட்டால், தான் தரைக்கு வந்துவிட்டதாகக் கணினி முடிவுசெய்தது; சில கிலோமீற்றர் உயரத்திலேயே பரசூட்டைக் கழற்றிவிட்டது.

இறங்கியவர் ஏற வேண்டும். செவ்வாயின் ஈர்ப்பு பூமியினதில் 38 சதவீதம். சந்திரனைப்போல இரு மடங்குக்கும் அதிகம். அப்பலோ வீரர்கள் சந்திரனிலிருந்து கிளம்பிய சிறிய கலம் இங்கே உதவாது. நாலு பேரைச் செவ்வாயின் தரையிலிருந்து கிளப்ப ஏறக்குறைய 7 தொன் எரிபொருளும், அதை எரிக்க 25 தொன் ஒட்சிசனும் வேண்டும் என்பது நாசாவின் மதிப்பீடு. இந்த 32 தொன்னையும் பூமியிலிருந்தே சுமப்பதென்றால் மேலே சொன்ன கடன் கட்டுக்கடங்காமல் போகும். செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் காபனீரொட்சைட்டு. அதைப் பிரித்து ஒட்சிசன் எடுத்தால் பாரத்தின் பெரும்பகுதி குறையும். அதைச் சோதிக்கவே மொக்சி என்ற கருவி பேர்சிவியரன்ஸில் சென்றது. 2021 ஏப்ரல் முதல் 2023 வரை 16 தடவை இயங்கி, மொத்தம் 122 கிராம் ஒட்சிசன் எடுத்தது. ஒரு மனிதர் மூன்றரை மணிநேரம் சுவாசிக்கப் போதுமான அளவு. முறை சரிதான் என்பது உறுதியானது. ஆனால் அளவு வேறு விடயம். அந்தக் கருவி எட்டிய உச்ச வேகம் மணிக்கு 12 கிராம். அந்த வேகத்தில் இரவு பகலாக ஓடினாலும் 25 தொன் சேர 230 ஆண்டுகளுக்கு மேலாகும். நூற்றுக்கணக்கான மடங்கு பெரிய ஆலையொன்று, மனிதர் புறப்படுவதற்கு முன்பே அங்கு போய், தானாக இயங்கி, தொட்டியை நிரப்பி வைத்திருக்க வேண்டும். நிரம்பியது என்ற செய்தி வந்த பிறகே இங்கிருந்து ஆள் கிளம்பலாம்.

அத்தகைய ஆலைக்கு மின்சாரம் வேண்டும். செவ்வாயில் விழும் சூரிய ஒளி பூமியில் விழுவதில் பாதிக்கும் குறைவு. தூசிப் புயல் எழுந்தால் அதுவும் மறையும். 2004 முதல் உழைத்த ஒப்பர்சூனிட்டி ஊர்தி, 2018இல் கிரகம் முழுவதையும் மூடிய புயலில் மின்சாரமிழந்து அடங்கிப்போனது. மங்கள்யானின் முடிவும் ஏறக்குறைய இதே வகை: ஆறு மாதத்துக்கென்று செய்யப்பட்டு ஏழரை ஆண்டு உழைத்த பிறகு, 2022 ஏப்ரலில் நீண்ட கிரகண நிழலுக்குப் பின் அதன் தொடர்பு அறுந்தது. மனிதர் இருக்கும் இடத்தில் சூரியத் தகடுகளை மட்டும் நம்ப முடியாது என்பதால் சிறிய அணு உலைகள் பற்றிய பரிசோதனைகள் நடக்கின்றன.

மின்சாரத்துக்கு அடுத்தது காற்றமுக்கம். இலங்கையின் மலைநாட்டிலுள்ள நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றமுக்கம் கடலோரத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு. அதனால் அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேக அதிக நேரம் பிடிப்பதை மலைநாட்டுச் சமையலறைகள் எல்லாம் அறியும். இதே விதியைச் செவ்வாய்வரை கொண்டுபோனால் பயங்கரமாகிறது. அங்குள்ள அமுக்கத்தில் தண்ணீர் உறைநிலையை ஒட்டியே கொதிக்கும். உடற்சூட்டில் இருக்கும் கண்ணீரும் எச்சிலும் தாமே கொதித்து ஆவியாகும். ஆகவே அமுக்க உடையும் காற்றடைத்த குடியிருப்பும் இல்லாமல் ஒரு நிமிடமும் தாக்குப்பிடிக்க முடியாது. சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 60 பாகை என்பது இதற்கடுத்த கவலை. சந்திரனில் அணிந்த உடைகள் மூன்று நாள் வேலையிலேயே தூசியால் தேய்ந்தன. செவ்வாயில் அதே மாதிரியான உடை 500 நாள் உழைக்க வேண்டும். தைக்கவும் பழுதுபார்க்கவும் அங்கேயே வழி வேண்டும்.

மண்ணும் நட்பானதல்ல. 2008இல் பீனிக்ஸ் கலம் இறங்கிய இடத்து மண்ணைச் சோதித்தபோது அது சற்றுக் காரத்தன்மை கொண்டிருந்தது, பி.எச். பெறுமானம் 7.7 அளவு. தேயிலைக்கு ஏற்றது 4.5 முதல் 5.5 வரையான அமில மண். கவ்வாத்து வெட்டும் காலத்தில் தோட்டங்களில் டொலமைட் போடுவது அமிலம் மிஞ்சிப்போகாமல் இருக்க. செவ்வாயிலோ எதிர்த்திசையில் வேலை செய்ய வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, அந்த மண்ணில் அரை சதவீதம் அளவில் இருந்த பெர்குளோரேட் உப்பு. தைரொயிட் சுரப்பி அயடீனை எடுத்துக்கொள்வதை அது தடுக்கும். தண்ணீரில் கரையக்கூடியது என்பதால் மண்ணைக் கழுவி நீக்கலாம். கழுவும் தண்ணீரை நிலத்தடிப் பனியிலிருந்து உருக்கி எடுக்க வேண்டும். விண்வெளி நிலையத்தில் வீரர்கள் 2015 முதல் சலாது இலை வளர்த்து உண்கிறார்கள். அது மனத்துக்கு இதம், வயிற்றுக்குப் போதாது.

வயிற்றுக்கான கணக்கு எளிது. உறையோடு சேர்த்து ஆளொருவருக்கு நாளுக்கு 1.8 கிலோகிராம் உணவு என்றால் நாலு பேருக்கு 900 நாளைக்கு ஆறரைத் தொன். அவ்வளவு காலம் வைத்திருந்தால் சில விற்றமின்கள் சிதைந்துபோகும். தண்ணீர் விடயத்தில் நிலைமை மேல்: சிறுநீரையும் வியர்வையையும் சுத்திகரித்து 98 சதவீதத்தை மீட்கும் அளவுக்கு விண்வெளி நிலையம் 2023இல் எட்டிவிட்டது. ஆனால் அந்த இயந்திரங்கள் பழுதானால் மாற்றுப் பாகம் அடுத்த சரக்குக் கலத்தில் வந்துசேர்கிறது. செவ்வாய்ப் பயணிகள் எந்தப் பாகம் பழுதாகும் என்று முன்கூட்டியே ஊகித்து எடுத்துச் செல்ல வேண்டும்.

உடம்பின் பாடு தனி. எடையற்ற நிலையில் இடுப்பு, தொடை எலும்புகள் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் கரைகின்றன. நாளொன்றுக்கு இரண்டு மணிநேரப் பயிற்சி அதைக் குறைக்கிறது, நிறுத்துவதில்லை. ரஷ்ய வைத்தியர் வலேரி பொல்யகோவ் 1994–95இல் மிர் நிலையத்தில் 437 நாள்கள் தொடர்ந்து இருந்து, இறங்கியதும் தானே நடந்து காட்டினார். எட்டு நாளுக்கென்று போய் 286 நாள்கள் தங்க நேர்ந்த சுனிதா வில்லியம்ஸ் 2025 மார்ச்சில் இறங்கியபோது படகும் தூக்குக்கட்டிலும் வைத்தியரும் காத்திருந்தார்கள். செவ்வாயில் முதலில் இறங்குபவரைத் தூக்கிவிட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

கதிர்வீச்சுக்கு இன்னும் முழுமையான விடை இல்லை. கியூரியோசிட்டி ஊர்தி 2011–12 பயணத்தின்போது அளந்ததன்படி, வழியில் நாளொன்றுக்கு 1.8 மில்லிசீவர்ட், செவ்வாயின் தரையில் அதில் மூன்றிலொரு பங்கு சொச்சம். போய்வர 360 நாள்கள், தரையில் 500 நாள்கள் எனக் கூட்டினால் சுமார் 1,000 மில்லிசீவர்ட். பூமியில் ஒருவர் இயற்கையாகப் பெறுவது சராசரியாக ஆண்டுக்கு 2.4. நாசா தன் வீரர்களுக்கு வாழ்நாள் முழுவதற்கும் விதித்துள்ள எல்லை 600. இன்றைய விதிப்படி, நாசா வீரர் ஒருவர் இந்தப் பயணத்தை மேற்கொள்ளவே முடியாது. சூரியனிலிருந்து திடீரென வெடித்து வரும் துகள்களைத் தண்ணீரும் பொலித்தீனும் சூழ்ந்த ஒரு சிற்றறைக்குள் ஒதுங்கித் தவிர்க்கலாம். அண்டவெளியிலிருந்து வரும் வேகமான கதிர்களுக்கு அந்தச் சுவர் போதாது. தடுக்கும் அளவுக்குச் சுவரைத் தடிப்பாக்கினால் எடை.

சாதாரண நோயும் அங்கே சாதாரணமல்ல. விண்வெளி நிலையத்தில் ஒரு வீரரின் கழுத்து நாளத்தில் இரத்தம் உறைந்திருப்பது, வேறொரு ஆய்வுக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவந்த சம்பவம் 2020இல் மருத்துவ இதழொன்றில் வெளியானது. கையிருப்பில் இருந்த ஊசிமருந்தை அளந்தளந்து கொடுத்து நாள் கடத்தினார்கள். பிறகு சரக்குக் கலத்தில் மாத்திரை போய்ச் சேர்ந்தது. பூமியில் இருந்த நிபுணர் அவ்வப்போது வழிகாட்டினார். செவ்வாய்க்குச் செய்தி போகவே மூன்று முதல் இருபத்திரண்டு நிமிடம் வரை ஆகும். பதில் வர மறுபடி அவ்வளவு. சூரியன் இடையில் வரும் காலத்தில் இரண்டு வாரம் போலத் தொடர்பே இராது. ஆகவே பயணிகளில் ஒருவராவது வைத்தியராக இருக்க வேண்டும். அவருக்கே நோய் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஏற்பாடு வேண்டும்.

மனம் எவ்வளவு தாங்கும் என்று பூமியிலேயே சோதித்தார்கள். மொஸ்கோவில் 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை ஆறு ஆண்கள் 520 நாள்கள் மூடிய கூடங்களில், செவ்வாய்ப் பயணிகளைப் போலவே தாமதமான தொடர்போடு வாழ்ந்தார்கள். சண்டை பெரிதாக எழவில்லை. ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல அசைவு குறைந்தது. சிலருக்குத் தூக்கம் தடம் புரண்டது. ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் தென்பட்டன. ஹூஸ்டனில் நாசா நாலு பேரை 378 நாள்கள் அடைத்து வைத்த சோதனை 2024 ஜூலையில் முடிந்தது. இரண்டிலும் கதவுக்கு வெளியே பூமி இருந்தது என்பதால் இவற்றின் முடிவுகளை ஓரளவுக்கு மேல் நம்புவதற்கில்லை.

கடைசிக் கட்டம் பூமிக்குள் நுழைவது. செவ்வாயிலிருந்து வரும் கலம் விநாடிக்கு 11 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்றில் புகும்; பூமியைச் சுற்றும் கலத்தின் வேகம் 8 கிலோமீற்றருக்கும் குறைவு. எனவே வெப்பமும் பல மடங்கு. பத்திரமாகத் திரும்புவது தனியாகக் கற்க வேண்டிய வித்தை என்பதை இஸ்ரோவின் வரலாறும் காட்டுகிறது. 2007 ஜனவரியில் 550 கிலோகிராம் எடையுள்ள சிறு கலமொன்றைப் பன்னிரண்டு நாள் சுற்றவிட்டு வங்கக் கடலில் இறக்கி மீட்டார்கள். 2014 டிசம்பரில் மனிதர் ஏறுவதற்கான கூண்டொன்று ஆளில்லாமல் பரசூட்டில் கடலில் இறங்கியது. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக 2023 ஒக்டோபர் 21ஆம் திகதி ரொக்கெட்டிலிருந்து வீரர்களின் கூண்டைப் பிய்த்துக்கொண்டு தப்பிக்கும் முறையைச் சோதித்தார்கள். அதே திட்டத்துக்கான விகாஸ் இயந்திரங்கள் தமிழ்நாட்டின் மகேந்திரகிரியில் எரித்துப் பார்க்கப்பட்டன. இத்தனையும் 400 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று நாள் சுற்றிவிட்டு வருவதற்கு.

செவ்வாயின் தரையிலிருந்து இன்றுவரை எந்த ரொக்கெட்டும் கிளம்பியதில்லை. செவ்வாயின் கற்கள் தாமாக வந்ததுண்டு: 1865இல் பீகாரின் ஷெர்கோட்டியில் விழுந்த சுமார் 5 கிலோ எடையுள்ள கல், விண்கல் மோதலில் செவ்வாயிலிருந்து தெறித்து வந்தது என்று பின்னாளில் தெரிந்தது. மனித முயற்சியால் இன்னும் ஒரு பிடி மண்ணும் வரவில்லை. பேர்சிவியரன்ஸ் குழாய்களில் அடைத்து வைத்திருக்கும் மாதிரிகளைக் கொண்டுவர 11 பில்லியன் டொலர் வரை ஆகும், அவை வந்துசேர 2040 ஆகிவிடும் என்று 2024இல் ஒப்புக்கொண்ட நாசா, மலிவான வேறு வழிகளைக் கேட்டது. சீனாவின் தியன்வென் 3 கலம் 2028 வாக்கில் புறப்பட்டு 2031 அளவில் 500 கிராமுக்குக் குறையாத மண்ணோடு திரும்பத் திட்டமிடப்பட்டுள்ளது.